விடையே வினாவாக

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது வழக்கம்போல் தப்பிக்கத்தான் பார்த்தேன். "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி நாலு பேர் எழுதியாச்சு. நீயாவது உருப்படியா ஒரு சரித்திரக் கட்டுரை கொடு" என்றார்கள். சோழர், பாண்டியர் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே சரித்திரம் யூனிக்ஸ் சரித்திரம். அதிலும் ஒரு சின்னத் துண்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டளை கொடுக்கும் விடையை, இன்னொரு கட்டளை தேடவேண்டிய சொல்லாக மாற்றும் வித்தை எப்படி வந்தது என்பதே அது. "இதுல என்னய்யா சரித்திரம்?" என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் செட் நண்பர்கள் 19 பேர் இந்தக் கதையில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

1987. நாம் மூன்றாம் வருடம். கணிப்பொறி மையத்துக்கு யூனிக்ஸ் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது நினைவிருக்கும். ஏ.ஸி. அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், எட்டு டெர்மினல், ஒரு டெர்மினலுக்கு மூன்று பேர். அங்கேதான் க்ரெப் என்ற கட்டளையை முதன்முதலில் பார்த்தேன். ஒரு சொல்லையும் ஒரு ஃபைலின் பெயரையும் கொடுத்தால், அந்தச் சொல் வருகிற வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். மாவு சலிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மாவு, தேடுகிற சொல் சல்லடை.

அன்றைக்கு எங்கள் சார் போர்டில் ஒரு வரி எழுதினார். க்ரெப், அதற்கடுத்து ஒரு தலைகீழ்க் கொம்பு, லாக்நேம், மறுபடியும் தலைகீழ்க் கொம்பு, கடைசியில் பயனாளர் பட்டியல் இருக்கிற ஃபைலின் பெயர். லாக்நேம் என்பது 'நான் யார்?' என்று கேட்டால் நம் பெயரைச் சொல்லும் கட்டளை. அந்தப் பெயரை எடுத்து க்ரெப் பட்டியலில் தேடும். அதாவது முதல் கட்டளை இரண்டாவதற்கு மாவு கொண்டுவந்து கொட்டவில்லை. சல்லடையையே செய்து கொடுத்தது. நான் அவசரத்தில் தலைகீழ்க் கொம்புக்குப் பதிலாகச் சாதாரண ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டேன். க்ரெப் சமர்த்தாக 'லாக்நேம்' என்ற சொல்லையே பட்டியலில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. "தம்பி, அது வேற கொம்பு. கீபோர்டுல இடது கை மூலையில பாரு" என்றார் சார். இத்துனூண்டு குறிக்குப் பின்னால் எத்தனை வருடக் கதை இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கதை அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. அங்கே டக் மக்கில்ராய் என்றொரு கணித ஆசாமி. 1964 அக்டோபர் 11 தேதியிட்ட ஒரு குறிப்பில், புரோகிராம்களைத் தோட்டத்து ஹோஸ் பைப்புகளைப் போல ஒன்றோடொன்று திருகி மாட்ட வழி வேண்டும் என்று எழுதி வைத்தார். யூனிக்ஸ் அப்போது பிறக்கவேயில்லை. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டத்தைக் கட்டக் கிளம்பிய சமயம் அது. 1969-ல் பெல்காரர்கள் அதிலிருந்து விலகிக்கொண்டார்கள். கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் அதே வருடம் ஒரு பழைய பி.டி.பி.-7 இயந்திரத்தில் சிக்கனமாக ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதுதான் யூனிக்ஸ்.

மக்கில்ராய் தன் ஹோஸ் பைப்பை மறக்கவில்லை. வருடக்கணக்காக நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 1973-ல் தாம்ப்ஸன் ஒரே ராத்திரியில் பைப் வசதியைச் செய்து கொடுத்தார். ஒரு கட்டளையின் விடை, வழியில் எந்த ஃபைலிலும் தங்காமல், நேரே அடுத்த கட்டளையின் வாய்க்குள் போய் விழும். இன்று எல்லோருக்கும் தெரிந்த நெட்டுக்கோடு முதலில் கிடையாது. வேறு குறி வைத்துப் பார்த்து, பிறகுதான் அதற்கு வந்தார்கள்.

க்ரெப் பிறந்ததும் அதே காலத்தில்தான். தாம்ப்ஸன் எழுதிய எட் என்ற எடிட்டரில் ஒரு கட்டளை உண்டு: ஜி, ஆர்இ, பி. ஃபைல் முழுவதிலும் இந்தக் கோலத்தைத் தேடி அச்சிடு என்று அர்த்தம். ஆர்இ என்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன். க்ளீனி என்ற கணிதவியலாளர் 1950-களில் தாளில் போட்ட கணிதம் அது. அதை வேகமாகத் தேடும் இயந்திரமாக மாற்றும் முறையைத் தாம்ப்ஸன் 1968-ல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். அந்த எடிட்டரிலிருந்து இந்த ஒரு வேலையை மட்டும் உருவி எடுத்துத் தனிக் கட்டளையாக்கியதுதான் க்ரெப். ஏன் உருவினார் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள்.

மக்கில்ராய், "ஃபைல்களுக்குள் தேட ஒரு கருவி இருந்தால் தேவலை" என்றாராம். "ராத்திரி யோசித்துப் பார்க்கிறேன்" என்ற தாம்ப்ஸன் மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தாராம். உண்மையில் சொந்த உபயோகத்துக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாராம்; ராத்திரி செய்ததெல்லாம் கொஞ்சம் தூசி தட்டல்தான். (நம்மில் பலர் ரெக்கார்டு நோட்டு சமர்ப்பித்த விதமும் இதுதான். ஆனால் நாம் எழுதி வைத்திருந்தது அடுத்தவன் நோட்டில்.)

இன்னொரு கதை லீ மக்மேனுடையது. 1787, 88 வாக்கில் அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிஸன், ஜே. அதில் ஒரு டஜன் கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா, மேடிஸனா என்று ரொம்ப நாள் தகராறு. யார் எந்தச் சொல்லை அதிகம் புழங்குகிறார் என்று எண்ணிப் பார்த்து, மேடிஸன்தான் என்று மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியல்காரர்கள் 1964-ல் எழுதினார்கள். மக்மேனுக்கும் அந்தக் கட்டுரைகளைச் சொல் சொல்லாகத் துழாவ ஆசை. ஆனால் எட் எடிட்டருக்குள் அவ்வளவும் கொள்ளவில்லை. அதனால்தான், எடிட்டருக்குள் ஏற்றாமலே வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் க்ரெப் தேவைப்பட்டதாம். இரண்டு கதையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை, இரண்டுமே நடந்திருக்கலாம். 1973 நவம்பரில் வந்த நான்காம் பதிப்புக் கையேட்டில் க்ரெப் இடம்பிடித்துவிட்டது.

ஆக 1973 முடிவதற்குள் பைப்பும் வந்தாயிற்று, சல்லடையும் வந்தாயிற்று. எந்தக் கட்டளையின் விடையையும் க்ரெப்புக்குள் கொட்டிச் சலிக்கலாம். அப்புறம் என்ன குறை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. க்ரெப்புக்கு இரண்டு வாசல். ஒன்று மாவு வருகிற வாசல். பைப் அங்கே வந்து சேரும். மற்றது சல்லடையை மாட்டுகிற இடம். அது கட்டளையை டைப் அடிக்கும் வரியிலேயே இருக்கிறது. அங்கே பைப் போகாது. கையால்தான் டைப் அடிக்க வேண்டும். ஒரு கட்டளை கண்டுபிடித்துச் சொன்ன சொல்லை வைத்து அடுத்த தேடலைச் செய்ய வேண்டும் என்றால், திரையில் வந்ததை மனுஷன் பார்த்து, நினைவில் வைத்து, மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் மனுஷன் தபால்காரனாக நின்றான்.

வேடிக்கை என்னவென்றால், பெல்காரர்கள் விட்டுவிட்டு வந்த மல்டிக்ஸில் இதற்கு வழி இருந்தது. ஒரு கட்டளையைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால், அதன் விடை வெளிக் கட்டளையின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷெல் என்ற சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஸான் காலத்துச் சிந்தனை அது. தாம்ப்ஸன் யூனிக்ஸுக்கு எழுதிய முதல் ஷெல் ரொம்பச் சின்னது. இந்த வசதி அதில் இல்லை. மூட்டை முடிச்சைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவன் ஏதாவது ஒரு நல்ல பாத்திரத்தையும் விட்டுவிட்டு வருவது குடித்தனத்தில் சகஜம்தானே.

அந்தப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் போர்ன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் அல்கால்-68 மொழியில் ஊறியவர், 1975-ல் பெல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் எழுதிய ஷெல் 1979 ஜனவரியில் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியானது. அல்கால் பாசம் அதில் பச்சையாகத் தெரியும். இஃப் என்று ஆரம்பித்ததை ஃபி என்று திருப்பிப் போட்டு முடிப்பார். கேஸ் என்றால் ஈஸாக். அந்தக் கணக்கில் டூ என்பது ஓடி என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓடி என்ற பெயரில் வேறொரு கட்டளை ஏற்கெனவே இருந்ததால், 'டன்' என்று சமரசம் செய்துகொண்டார். அந்த ஷெல்லில்தான் எங்கள் சார் போர்டில் எழுதிய தலைகீழ்க் கொம்பு யூனிக்ஸ்காரர்கள் கைக்கு வந்தது. பில் ஜாய் கலிபோர்னியாவில் எழுதிய ஸி-ஷெல்லிலும் அதே சமயத்தில் அதே குறி. கொம்புகளுக்கு நடுவில் இருப்பதை ஷெல் முதலில் ஓட்டும். வருகிற விடையை அந்த இடத்திலேயே ஒட்டும். அப்புறம்தான் முழு வரியை ஓட்டும். தபால்காரன் வேலை ஷெல்லுக்குப் போயிற்று.

வசதி வந்தால் வம்பும் வருமே. விடை ஒரே சொல்லாக இருக்கும் வரை சரி. ஐந்து சொல் வந்தால்? முதல் சொல் சல்லடையாகிவிடும், மிச்ச நாலையும் ஃபைல் பெயர் என்று நினைத்து க்ரெப் 'திறக்க முடியவில்லை' என்று புலம்பும். விடையே வராவிட்டால் இன்னும் மோசம். சல்லடை இருக்க வேண்டிய இடத்துக்கு ஃபைலின் பெயர் நகர்ந்துவிடும். ஃபைல் இல்லாததால் க்ரெப் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு மாவு வரும் என்று காத்திருக்கும். ஒருநாள் லேப்பில் நாங்கள் மூன்று பேர் கால் மணி நேரம் திரையையே பார்த்தபடி, "பெரிய ஃபைல்டா, தேடுது" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். அது தேடவேயில்லை. எங்களைப் போலவே அதுவும் காத்துக்கொண்டிருந்தது.

கொம்புக்குள் கொம்பு போடுவதும் தலைவலி. அதனால் டேவிட் கார்ன் தன் ஷெல்லில் டாலர் குறியும் வளைவு அடைப்பும் கொண்ட வேறு எழுத்துமுறையைக் கொண்டுவந்தார். 1992-ல் வந்த போசிக்ஸ் தரநிலையும் அதை ஏற்றது. ஒரு கட்டளை வரியில் எவ்வளவு கொள்ளும் என்பதற்கும் கணக்கு இருந்தது. 1975-ன் ஆறாம் பதிப்பில் 512 பைட்டுகள், ஏழாம் பதிப்பில் 5,120. நூறு பெயரைச் சல்லடையாக்கலாம். ஊர் வாக்காளர் பட்டியலை ஆக்க முடியாது.

நிறையச் சொற்களை ஒரே நேரத்தில் தேட வேறு வழி வேண்டியிருந்தது. அதுவும் பெல் ஆய்வுக்கூடத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தது. மார்கரெட் கோராஸிக் என்ற பெண்மணியும் ஆல்ஃபிரட் ஏஹோவும் சேர்ந்து 1975 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூலகக் குறிப்புகளில் ஏராளமான சொற்களை ஒரே மூச்சில் தேடுவது எப்படி என்பதைப் பற்றியது. நம் வீட்டு உதாரணம் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து மொய் நோட்டைப் பிரிக்கிறோம். கையில் முக்கியமான 50 பேரின் பட்டியல். யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நோட்டை முதலிலிருந்து புரட்டினால் 50 தடவை புரட்ட வேண்டும். ஐம்பது பெயரையும் மனதில் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு தடவை நோட்டைப் படிக்கிறவர் நம் வீட்டுப் பெரியம்மா. அந்தப் பெரியம்மாவைத்தான் ஏஹோவும் கோராஸிக்கும் இயந்திரமாக்கினார்கள். சொற்பட்டியலிலிருந்து முதலில் ஒரு தானியங்கியைக் கட்டிவிடும். பிறகு ஃபைலின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே தடவைதான் படிக்கும். நூலகத் தேடலின் வேகம் 5 முதல் 10 மடங்கு கூடியது என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இது எஃப்க்ரெப் என்ற கட்டளையாகி ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு 'எஃப்' என்றொரு குறி கொடுத்து ஒரு ஃபைலின் பெயரைச் சொன்னால், தேடவேண்டிய சொற்களை அந்த ஃபைலிலிருந்து, வரிக்கொன்றாக எடுத்துக்கொள்ளும். இப்போது முதல் கட்டளையின் விடையை ஒரு ஃபைலில் பிடித்து, அந்த ஃபைலையே சல்லடையாகக் கொடுக்கலாம். ஆயிரம் வரியானாலும் கவலையில்லை. இன்று லினக்ஸில் ஓடும் க்னூ க்ரெப்பில் ஃபைல் பெயருக்குப் பதில் ஒரு சிறு கோடு போட்டால், சல்லடையையே பைப் வழியாக வாங்கிக்கொள்ளும். 1973-ல் மாவு வாசலோடு நின்ற பைப் கடைசியில் அடுத்த வாசலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எஃப்க்ரெப் என்ற பெயருக்குத்தான் வயதாகிவிட்டது. 2022-ல் வந்த க்னூ க்ரெப் 3.8-லிருந்து, அந்தப் பெயரில் கூப்பிட்டால், இது வழக்கொழிந்தது என்று ஓர் எச்சரிக்கை வருகிறது.

இனி அந்த 19 பேர்.

2014-ல் நம் வெள்ளிவிழா சந்திப்பு. பட்டியல் வேலை என் தலையில். எல்லாப் பிரிவும் சேர்த்து, பதிவெண், பெயர், முகவரியோடு முழுப் பட்டியல் ஒரு ஃபைல். 'வருகிறேன், வரவில்லை' என்று ஏதாவதொரு பதில் சொன்னவர்களின் பதிவெண்கள் இன்னொரு ஃபைல். அதை நாலைந்து நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் சேகரித்துக் கொடுத்தார்கள். போனில் ஒரு தடவை, மெயிலில் ஒரு தடவை என்று ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் வந்திருந்ததால், எண்ணிக்கையைப் பார்த்து ஒன்றும் புரியாது. எனக்கு வேண்டியது பதிலே சொல்லாதவர்கள். அவர்களுக்கு இரண்டாவது கடிதம் போட வேண்டும், அக்கம்பக்கம் விசாரித்து போன் நம்பர் பிடிக்க வேண்டும். க்ரெப் இருக்க பயமேன்? பதிவெண் ஃபைலைச் சல்லடையாகக் கொடுத்தேன். பொருந்தாதவற்றை மட்டும் காட்டு என்பதற்கு 'வி' குறி. தட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. ஆக, எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள்! குழுவுக்குப் போன் போட்டு, "ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாரும் பதில் போட்டாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது கடிதம் யாருக்கும் போகவில்லை.

சந்திப்பு முடிந்து இரண்டு வாரம். ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் போன் செய்தான். வீடு மாறியிருக்கிறான், முதல் கடிதம் அவன் கைக்குக் கிடைக்கவேயில்லை. வேறு யாரோ அனுப்பிய குரூப் போட்டோவைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்திருக்கிறது. "என்னை மறந்துட்டீங்களாடா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி அந்த ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். பதிவெண் ஃபைலின் கடைசியில் ஒரு காலி வரி. யாரோ, அநேகமாக நானே, என்டரை ஒரு தடவை கூடுதலாகத் தட்டியிருக்கிறோம். க்ரெப்பின் கணக்கில் காலி வரியும் ஒரு தேடுசொல்தான். ஒன்றுமில்லாதது எல்லா வரிகளிலும் இருக்கிறது. ஆகவே எல்லா வரிகளும் பொருந்தும். 'பொருந்தாதவற்றைக் காட்டு' என்றால் மிச்சம் பூஜ்யம். சல்லடையில் ஒரே ஒரு பெரிய ஓட்டை, அத்தனை மாவும் அதன் வழியாகப் போய்விட்டது. காலி வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். 19 பெயர்கள் வந்தன. ஒன்பதாவது அவன்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. 1979-ன் கையேட்டிலேயே எஃப்க்ரெப்புக்கு 'எக்ஸ்' என்றொரு குறி உண்டு. வரி முழுதும் அப்படியே பொருந்தினால்தான் ஒப்புக்கொள்ளும். அதைப் போட்டிருந்தால் காலி வரி காலி வரியோடு மட்டும்தான் பொருந்தும். 7 என்ற எண் 17-லும் 71-லும் போய் ஒட்டிக்கொள்கிற சங்கடமும் கிடையாது. ஆனால் அதற்கு முழுப் பட்டியலிலிருந்து பதிவெண்ணை மட்டும் முதலில் வெட்டி எடுத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் சோம்பேறித்தனமாக அப்படியே ஓட்டிவிட்டேன். க்ரெப் பொய் சொல்லவில்லை; நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்வியை நான் கண்ணால் பார்க்கவில்லை. கையால் டைப் அடித்த காலத்தில் கேள்வி என்னவென்று மனுஷனுக்குத் தெரிந்தாவது இருந்தது. தபால்காரன் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தபோது அதுவும் போயிற்று.

அந்த 19 பேரோடும் அந்த வருடமே பேசிவிட்டேன். அறை நண்பனிடம் காலி வரி விவகாரத்தை விலாவாரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, ரூம்மேட் வரலையேன்னு உனக்கே தோணலியா?" என்றான். அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. ஆனால் அதற்கடுத்த சந்திப்புக்கு முதல் ஆளாக வந்து, டீக்கு எனக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

இந்த முறை காலி வரிகளை முதலில் நீக்கி, பதிவெண்களை வெட்டி, வரிசைப்படுத்தி, 'எக்ஸ்' குறி போட்டு ஓட்டினேன். ஓட்டியதோடு விடாமல் ஹாஸ்டல் அறை அறையாக நினைத்துப் பார்த்துக் கையாலும் டிக் அடித்தேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது. எந்தத் தகவலும் கிடைக்காதவர்கள் 6 பேர். அவர்கள் பெயர்கள் மலரின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. யாருக்காவது இப்போதைய முகவரியோ போன் நம்பரோ தெரிந்தால், சந்திப்பன்று வாசலில் பதிவு மேஜையில் உட்கார்ந்திருப்பேன், வந்து சொல்லுங்கள்.